'கர்ஸ்': சாபமா, வசவா? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

வணக்கம். ஒரு கணினி விளையாட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. அதில் 'கர்ஸ்' (curse) என்ற ஒரே ஆங்கிலச் சொல் மூன்று இடத்தில் வந்து கழுத்தை அறுக்கிறது. சூனியக்காரி வீரன்மேல் ஏவுவது ஒன்று. அது ஏறிவிட்டால் பத்து நொடிக்கு அவன் தொட்டது எதுவும் விளங்காது. அரட்டையில் யாராவது அசிங்கமாகத் திட்டினால் மறைக்கிற வடிகட்டியின் பெயரிலும் அதே சொல். மூன்றாவது, கதவு திறக்காதபோது வீரன் முணுமுணுப்பது. எங்கள் மென்பொருளின் சொற்பட்டியலோ ஒரு சொல்லுக்கு ஒரே இணையைத்தான் ஏற்கும். 'சாபம்' என்று போட்டேன். வடிகட்டி 'சாபச்சொல் மறைப்பு' ஆகிவிட்டது. துர்வாசர் அரட்டைக்கு வந்தால்தான் அதற்கு வேலை. மூன்றையும் தாங்குகிற சொல் ஏதாவது உண்டா?

* * *

நீங்கள் கேட்பதற்கு முன்பே இலக்கணம் கொடுத்துவிட்டது, தம்பி: வைதல். வியங்கோள் எதற்கெல்லாம் வரும் என்று பள்ளியில் ஒப்பித்தோமே: வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல். 'வாழ்க' வாழ்த்தல், 'வீழ்க' வைதல். அதாவது கேடு வரட்டும் என்பது. பேச்சில் 'என்னை ஏன் வைகிறாய்' என்றால் ஏன் திட்டுகிறாய் என்று பொருள். கேடும் திட்டும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. வசை, வசவு எல்லாம் அதன் உறவுக்காரர்கள். 'பரந்து கெடுக உலகியற்றி யான்' (குறள் 1062) என்கிறாரே, வள்ளுவர் அங்கே திட்டுகிறாரா, சபிக்கிறாரா? பிரிக்க முடியாது.

* * *

> பிரிக்க முடியாது.

பிரிக்கலாம் ஐயா. உலகைப் படைத்தவனையே அலைந்து கெடு என்கிறார், ஆனால் வாயில் ஒரு கெட்ட சொல் இல்லை. எந்த வடிகட்டியும் அவரைப் பிடிக்காது. இன்னொன்று, 'கெடுக' என்று வந்தாலே வைதலும் ஆகிவிடாது. புறநானூறு 279-இல் ஒக்கூர் மாசாத்தியார், கணவனைப் போரில் பறிகொடுத்த மறுநாளே ஒரே மகனையும் களத்துக்கு அனுப்புகிறவளைப் பார்த்து 'கெடுக சிந்தை கடிதுஇவள் துணிவே' என்கிறார். அது வியப்பு. 'பாவி, என்னமாய்ப் பாடுகிறான்' என்போமே, அந்த ரகம்.

* * *

'வை'யைப் போட்டுப் பார்த்தேன். பொத்தானில் 'எதிரியை வை' என்று வந்தது. சோதித்துப் பார்த்த பையன், "சரி, எங்கே வைக்கணும்?" என்று கேட்டான்.

* * *

வைதான், வைத்தான்: நடுவில் ஒரு ஒற்று நிற்கிறது. ஏவலில் அந்த ஒற்றும் இல்லை, அதுதான் சிக்கல். ஆனால் 'முத்தமிழால் வைதாரையும் ஆங்கு வாழவைப்போன்' என்று அருணகிரிநாதர் இரண்டு வையையும் ஒரே மூச்சில் பாடினார். கேட்டவர் யாரும் குழம்பவில்லை.

* * *

பாட்டில் குழம்பாது ஐயா, பொத்தானில் குழம்பும்.

* * *

எல்லோரும் கிளையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், வேரைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'கரிசு' என்ற சொல் இருக்கிறது. பொருள்: குற்றம், பாவம். 'கர்ஸ்' எங்கிருந்து வந்தது என்று தெரியாது என ஆங்கில அகராதிகளே கையை விரிக்கின்றன. கரிசு, கர்சு, கர்ஸ். இதற்குமேல் என்ன வேண்டும்? நம் சொல்லையே திரும்ப எடுத்துக்கொள்வோம். 'கரிசு ஏவு', 'கரிசுச்சொல் மறைப்பு'.

* * *

மூலம் தெரியாத சொல்லுக்கெல்லாம் நம் பெயரில் பட்டா எழுதிக்கொள்ள முடியாது. கரிசு என்பது செய்தவனிடம் இருக்கும் குற்றம். சாபம் அடுத்தவன் தலையில் விழுவது. ஒலி ஒத்துப்போனாலும் பொருள் வேறு பக்கம் நடக்கிறது. அதோடு, சிறுபிள்ளைகள் 'கரி' என்று படித்து வீரன் முகத்தில் மசி பூசுகிற கட்டம் என்று நினைக்கும்.

* * *

வடிகட்டிக்கு மட்டும் சொல்கிறேன். தொல்காப்பியம், எச்சவியல்: 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்'. அவையில் சொல்லத்தகாத சொல், அதை மறைத்துச் சொல். இந்த மென்பொருள் செய்வதும் அதேதானே? 'அவையல் கிளவி மறைப்பு'. முடிந்தது.

* * *

அழகுதான். என் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். ஒருத்தி 'அவியல்' என்றாள். மற்றவர்கள் அதுவும் சொல்லவில்லை. 'கெட்ட வார்த்தை' என்று எழுதியதும் வகுப்பே சிரித்தது. அதைவிடச் சான்று வேண்டுமா?

* * *

'வார்த்தை' வடசொல். 'சாபம்' வடசொல். கலைச்சொல் ஆக்குகிறோமா, இருக்கிற அழுக்கை மடித்து வைக்கிறோமா?

* * *

மாணிக்கவாசகர் 'திருவார்த்தை' என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். சிலப்பதிகார அரங்கேற்று காதை இரண்டாவது அடியிலேயே 'எய்திய சாபத்து' என்று நடக்கிறது. அவர்களுக்கெல்லாம் அழுக்கு தெரியாமல் போயிற்றா?

* * *

பழைய கடன் என்பதால் அது நம் பணம் ஆகிவிடாது.

* * *

இடையில் ஒன்று. எங்கள் பாட்டி கோபம் வந்தால் 'நாசமத்துப் போவான்' என்றுதான் வைவாள். நாசம் அற்றுப் போவான் என்று பிரித்தால் நாசமே இல்லாமல் போவான், அதாவது வாழ்த்து! வாயில் கெட்டது வரக்கூடாதென்று திட்டையே திருப்பிப் போட்ட மங்கல வழக்கு இது என்பது என் துணிபு. இலக்கண ஐயா என்ன சொல்கிறார்?

* * *

அப்படிப் பிரிக்க இடம் இருக்கிறது. ஆனால் பாட்டி சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா?

* * *

பார்த்தேன். வாழ்த்து இல்லை.

* * *

நண்பர்களே, இன்று வியாழன். தமிழாக்கம் கேட்டவர்களிடமே பேசி, ஒரே ஆங்கிலச் சொல்லைச் சூழலுக்கு ஏற்ப மூன்று பதிவாகப் பிரிக்க ஒப்புதல் வாங்கிவிட்டேன். எனவே ஒரே சொல் என்ற நிபந்தனை போயிற்று. சூனியக்காரிக்குச் 'சாபம்'. வடிகட்டி 'வசைச்சொல் மறைப்பு': 'செம்பொருள் ஆயின வசையெனப் படுமே' என்று தொல்காப்பியத்தில் இருப்பதால் ஐயாவுக்கும் மனக்குறை இருக்காது, பிள்ளைகளுக்கும் வசை புரியும். ஐந்து பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. கதவு திறக்காதபோது வீரன் சொல்வது மட்டும் பாக்கி.

* * *

'எழவு' என்று போடுங்கள். இழத்தலில் இருந்து இழவு. சாவும் அதுதான், சலிப்பில் வாயில் வருவதும் அதுதான். நீங்கள் முதல் நாள் கேட்ட ஒரே சொல் இதுவாகத்தான் இருக்கும், நாம்தான் சுற்றிச் சுற்றி வந்தோம். (போகிற போக்கில்: கிளி காத்தது இலவு, பஞ்சு மரம். 'இழவு காத்த கிளி' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கே 'எழவு' வருகிறது.)

* * *

போட்டேன். 'என்ன எழவுக் கதவுடா இது' என்று அருமையாக வந்தது. சோதனையை ஓட்டினால் நம் வசைச்சொல் மறைப்பு அதைப் பிடித்துவிட்டது. திரையில் 'என்ன  **** கதவுடா இது'. அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் கட்டத்தில் ஒரு கிழவி வருகிறாள், ' **** வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்' என்கிறாள். அவள் எங்கே போகிறாள் என்று பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். வடிகட்டிப் பட்டியலிலிருந்து 'எழவு' என்பதை எடுத்துவிடவா?

* * *

எடுக்காதீர்கள். கிழவிக்கு 'துக்க வீடு' என்று மாற்றுங்கள்.

* * *

'துக்கம்' வடசொல்.

* * *

கரிசு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்பதை அவையோர் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.