நிரலகப் பெயர்ச்சி: ஒரு சொல் முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

பொதி பேணுவோருக்கான கையேட்டைத் தமிழாக்கும் வேலையில், ஒரு நிரலகத்தின் (பல செயலிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) இருமநிலை இடைமுகம், அதாவது கட்டி முடித்த செயலிகள் அதனுடன் இணையும் முறை, மாறும்போது அதைச் சார்ந்த பொதிகள் (நிறுவுவதற்கெனக் கட்டிவைத்த மென்பொருட்கள்) அனைத்தையும் புதிய பதிப்புக்குக் கொண்டுசேர்க்கும் தொடர்வேலைக்கு இன்னும் ஒரே சொல் அமையவில்லை. வரைவின் ஓரிடத்தில் அது 'நிலைமாற்றம்' என்றும் வேறோரிடத்தில் 'இடம்பெயர்வு' என்றும் நிற்கிறது. மற்றைய இடங்களில் ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து விட்டிருக்கிறோம். ஒலிபெயர்ப்பிலும் நமக்குள் ஒற்றுமை இல்லை. சென்னை நண்பர்கள் 'டிரான்சிஷன்' என்று எழுத, யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'ரான்சிசன்' என்று எழுதுகிறோம்; ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஆகவே 'நிரலகப் பெயர்ச்சி' என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஆங்கிலத்தில் 'லைப்ரரி' எனப்படுவதற்கு நாம் வைத்த 'நிரலகம்' பற்றி இனி விவாதம் வேண்டாம் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வெறுமனே 'நூலகம்' என்றால் எந்தக் கட்டடம் நினைவுக்கு வரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். பகிர்வு நிரலகம் ஒவ்வொன்றின் கோப்புக்குள்ளும் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பேணுநர்கள் 'சோநேம்' என்று சொல்லும் அதனை இம்மடலில் உட்பெயர் என்று எழுதுகிறேன். ஒரு செயலியைக் கட்டும்போது, அதாவது மூலநிரலை இயங்கக்கூடிய கோப்பாக ஆக்கும்போது, தனக்குத் தேவையான நிரலகத்தின் உட்பெயரை அது தன்னுள் எழுதி வைத்துக்கொள்கிறது. பின்னர் இயங்கத் தொடங்கும்போது அதே பெயரைத்தான் தேடுகிறது. நிரலகத்தை எழுதுவோர் ஒரு செயற்கூற்றை நீக்கினாலோ, ஒரு தரவுக் கட்டமைப்பின் அளவை மாற்றினாலோ, பழைய செயலிகள் புதிய கோப்புடன் சேர்ந்து இயங்கமாட்டா. அதனால் உட்பெயரின் இறுதியிலுள்ள எண்ணை உயர்த்த வேண்டியது அவர்கள் கடமை. டெபியன் இயங்குதளத்தில் அந்த எண் பொதியின் பெயரிலும் இடம்பெறுகிறது. பெயர் வேறாகிவிடுவதால் பழைய பொதியும் புதிய பொதியும் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடிகிறது. வேலை முழுவதும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நடக்கிறது.

தமிழ் வாசகர் நாள்தோறும் பயன்படுத்தும் இரண்டு நிரலகங்களை எடுத்துக்கொள்வோம். எழுத்துருவில் கொம்பையும் அரவையும் உரிய இடத்தில் வைத்து 'கொ' என்று திரையில் காட்டும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தின் உட்பெயர் எண், டெபியன் 13 இலும் சுழியம்தான். அதற்குள் எவ்வளவோ வசதிகள் சேர்ந்துள்ளன. ஆனால் இருந்ததை முறிக்காமல் புதியதைச் சேர்ப்பதில் அதனை எழுதுவோர் கவனமாக இருக்கிறார்கள். தமிழ் அகரவரிசைப்படி பெயர்களை ஒழுங்குபடுத்துவது உட்படப் பல வேலைகளைச் செய்யும் ஐசியு நிரலகமோ (ஆசுபத்திரியில் உள்ளது அல்ல) நேர்மாறானது. அதன் செயற்கூறுகளின் பெயர்களிலேயே பதிப்பெண் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு பெரும் பதிப்பிலும் உட்பெயர் மாறியே தீரும். 2023 யூனில் வெளிவந்த டெபியன் 12 இல் 'லிப்ஐசியு72' இருந்தது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 இல் 'லிப்ஐசியு76' இருக்கிறது. லிப்ரே ஆபிஸ், போஸ்ட்கிரெஸ் முதலாகப் பல பெரிய பொதிகள் அதனைச் சார்ந்துள்ளன. அவற்றின் மூலநிரலில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும் அத்தனையையும் மீளக் கட்டியாக வேண்டும்.

கட்டும் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. டெபியனில் பொதிகள் நிலையாக் கிளையில் சேர்ந்து, பின்னர் அடுத்த வெளியீட்டுக்கான சோதனைக் கிளைக்குச் செல்கின்றன. பேணுநர் புதிய பதிப்பை நேரே நிலையாக் கிளைக்கு அனுப்புவதில்லை. முதலில் அதைப் பரீட்சார்த்தக் கிளையில் இட்டு, அந்த நிரலகத்தைச் சார்ந்த பொதிகளை அதனுடன் கட்டிப் பார்த்து, கட்டப்பட மறுப்பவற்றுக்கு வழு அறிக்கைகளைப் பதிந்து, இயன்றால் திருத்தங்களையும் இணைத்து அனுப்புகிறார். அதன் பின்னரே வெளியீட்டுக் குழுவிடம் அனுமதி கேட்கிறார். ஒரே வேளையில் இரண்டு பெரிய நிரலகங்கள் மாறத் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளும் என்பதால் அக்குழு சிலவேளை காத்திருக்கச் சொல்வதும் உண்டு. அனுமதி கிடைத்ததும் புதிய நிரலகம் நிலையாக் கிளைக்கு ஏறுகிறது. சார்ந்த பொதிகள் படிநிலைப்படி, அதாவது கீழே இருப்பது முதலிலும் அதன்மேல் நிற்பது பின்னருமாக, மீளக் கட்டப்படுகின்றன. பதிப்பெண்ணின் பின்னால் 'கூட்டல் பி1' என்று ஒட்டியிருக்கும் பொதியை நீங்கள் கண்டிருந்தால், அது மூலத்தில் மாற்றம் எதுவுமின்றி மீளக் கட்டப்பட்டது என்று பொருள். கண்காணிப்புப் பக்கத்தில் ஒவ்வொரு பொதியாகச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். எல்லாம் பச்சையாகிவிட்டதாகத் தோன்றும் வேளையில், பல ஆண்டுகளாக எவரும் தொட்டுப் பார்க்காத ஒரு சிறு பொதி கட்டப்பட மறுத்து முழு வரிசையையும் நிறுத்தி வைக்கும். பேணுநரின் பொறுமை சோதிக்கப்படுவது அங்கேதான்: அதைத் திருத்துவதா, சோதனைக் கிளையிலிருந்து நீக்கக் கேட்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். இறுதியில் எல்லாம் சேர்ந்து சோதனைக் கிளைக்குச் செல்கின்றன. தன்னைச் சார்ந்தோர் எவருமில்லாத பழைய நிரலகம் களஞ்சியத்திலிருந்து அகற்றப்படுகிறது.

மேலே விவரித்ததில் இரண்டு வேறுபட்ட அசைவுகள் இருப்பதைக் கவனியுங்கள். சார்ந்த பொதிகள் ஒரு நிரலகப் பதிப்பை விட்டு இன்னொன்றைச் சேர்வது ஒன்று. பொதிகள் நிலையாக் கிளையிலிருந்து சோதனைக் கிளைக்குச் செல்வது மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. நமது வரைவில் 'இடம்பெயர்வு' இரண்டையும் குறிப்பதால், 'இடம்பெயர்வு முடியும்வரை இடம்பெயர்வு நிகழாது' என்று ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்வதற்கில்லை, சொல்தான் போதவில்லை. அதற்கும் மேலாக, 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்த சனங்கள் வாழும் ஊரில், மென்பொருட் பராமரிப்பின் வழமையான வேலை ஒன்றுக்கு அந்தச் சொல்லை வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. 'பெயர்வு' என்று சுருக்கினாலும் இங்கே அதே ஞாபகம்தான் வரும். கிளைவிட்டுக் கிளை செல்வதற்கு 'நகர்வு' போதும்.

'நிலைமாற்றம்' பொருந்தாது என்று நான் கருதுவதற்குக் காரணம் வேறு. அது ஒரு பொருள் தன் நிலையை மாற்றிக்கொள்வதைச் சொல்கிறது; பனிக்கட்டி நீராவதற்கு அது சரி. நிரலகம் மாறுவதால் அதைச் சார்ந்த பலர் அசைய வேண்டியிருக்கிறது என்ற செய்தி அதில் இல்லை. உயர்தர இரசாயனத்தில் நாம் படித்த 'தாண்டல் மூலகங்கள்' என்பதை நினைவூட்டி, 'தாண்டல்' என்று வைக்கலாமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நமது பாடநூல் மரபிலிருந்து சொல்லெடுக்கும் அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் 'இடைநிலைத் தனிமங்கள்' என்று படித்த தமிழக வாசகருக்கு அது எட்டாது. தவிரவும் தாண்டுவது ஒரே எட்டில் முடிகிற செயல், இதுவோ வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நீள்வது.

'பெயர்ச்சி' இரு கரையிலும் ஒரே பொருளில் வழங்கும் சொல். குரு ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குப் போவதைக் குருப்பெயர்ச்சி என்கிறோம். பெயர்வது ஒரு கிரகம், பலன் பன்னிரண்டு இராசிக்கும். ஐசியு 72 இலிருந்து 76 க்குப் போவதும் இத்தகையதே. அத்துடன் இந்த வேலையில் உண்மையிலேயே பெயர்தான் மாறுகிறது என்பது ஒரு நல்வாய்ப்பு. உட்பெயர் மாறாதபோதுகூடப் பொதியின் பெயரை மாற்றி நடத்திய பெரும் பெயர்ச்சிகள் டெபியனில் உண்டு. அவற்றின் வடு இன்னும் பெயர்களில் தெரிகிறது. 'சீலிப்1ஜி' என்பதன் கடைசி எழுத்து, 1998 யூலையில் வந்த டெபியன் 2.0 க்காகப் பழைய சி நிரலகத்திலிருந்து குனூ சி நிரலகத்தின் இரண்டாம் பதிப்புக்கு மாறிய காலத்தது. 'வி5' என்று முடிபவை, 2015 இல் ஜிசிசி தொகுப்பியின் ஐந்தாம் பதிப்புடன் சி பிளஸ் பிளஸ் சரங்களின் உள்ளமைப்பு மாறியபோது வந்தவை. 2024 இல் சேர்ந்த 'ரி64' நேரத்தைப் பற்றியது. 1970 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நொடிகளை எண்ணும் 32 பிட் எண், 2038 ஜனவரி 19 அன்று, இலங்கை நேரப்படி காலை 8.44 க்கு நிரம்பிவிடும். அதனால் 32 பிட் கட்டமைப்புகளில் (கணினி வகைகளில்) அதனை 64 பிட்டுக்கு விரித்தார்கள். ஏற்கெனவே கட்டப்பட்ட பழைய செயலிகளை இயக்குவதற்கென்றே பெரும்பாலும் எஞ்சியிருக்கும் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பு மட்டும் விலக்குப் பெற்றது.

இதன் பலனை இங்குள்ள ஒரு கணினி ஆய்வுகூடத்தில் நேரே கண்டேன். டெபியனை அடியாகக் கொண்ட உபுண்டு 24.04 நிறுவிய கணினியில், பழைய செய்முறைக் குறிப்பொன்றைப் பார்த்து ஒலிக்கான 'லிப்அசவுண்ட்2' பொதியை நிறுவச் சொல்லி ஒரு மாணவி கட்டளை கொடுத்தார். அது வெறும் மெய்நிகர் பொதி (வேறு பொதிகள் வழங்கும் ஒரு பெயர் மட்டும்) என்றும், அதை வழங்குபவை 'லிப்அசவுண்ட்2ரி64' உட்பட இரண்டு என்றும், எது வேண்டுமெனத் தெரிவுசெய்யும்படியும் திரை சொன்னது. அந்தக் கணினி 64 பிட். அதில் நேரச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனாலும் பொதிப்பெயர் எல்லாக் கட்டமைப்புக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதால் அங்கும் பெயர் மாறியிருந்தது. 'நிலைமாற்றம் நடந்திருக்கிறது' என்று விளக்கத் தொடங்கினால் எது எந்த நிலையிலிருந்து மாறியது என்ற கேள்வி வரும். 'அந்த நிரலகம் பெயர்ந்துவிட்டது, இப்போது இந்தப் பெயரில் இருக்கிறது' என்றபோது அவர் மறுகேள்வி கேட்கவில்லை. ரி64 ஐச் சேர்த்துத் தட்டினார்.

இராசிபலன் பக்கத்தைத் திறந்தது போல இருக்கிறது என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். ஒருவர் தனிமடலில் ஏற்கெனவே அப்படி எழுதிவிட்டார். சோதிடத்தில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் 'பெயர்தல்' சோதிடரின் சொத்து அல்ல. மொழிபெயர்ப்பிலும் பெயர்த்தல் இருக்கிறது, அதற்காக எவரும் சாதகம் பார்ப்பதில்லை. சொல்லப்போனால் அந்தச் சாயல் எனக்குச் சற்றுப் பிடித்தும் இருக்கிறது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சனிப்பெயர்ச்சிக்கு வெவ்வேறு நாள் சொல்வதைப் போல, ஒரே நிரலகம் டெபியனில் ஒரு நாளும் உபுண்டுவில் வேறொரு நாளும் பெயர்வதை நாம் காண்கிறோம்.

சொல் வளைந்து கொடுக்குமா என்பதைக் கையேட்டின் வாக்கியங்களிலேயே வைத்துப் பார்த்தேன். 'பெயர்ந்த பொதிகள்', 'இன்னும் பெயராத பொதிகள்', 'பெயர்ச்சிக் கோரிக்கை', 'இப்பொதி பெயர்ச்சியைத் தடுத்து நிற்கிறது' என்பன இடராமல் வந்தன. 'ரி64 பெயர்ச்சி' என்று முன்னொட்டுச் சேர்த்தாலும் உறுத்தவில்லை. பிறவினையில் மட்டும் எச்சரிக்கை தேவை: 'பொதியைப் பெயர்த்தார்' என்றால் பிடுங்கி எறிந்தார் என்று படும். அவ்விடங்களில் 'பெயரச் செய்தார்' என்றோ, நடந்ததை அப்படியே சொல்லி 'மீளக் கட்டினார்' என்றோ எழுதலாம்.

மறுப்பு இல்லையெனில், 'நிரலகப் பெயர்ச்சி', 'நகர்வு' ஆகிய இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்து, வரைவில் 'இடம்பெயர்வு' வரும் இடங்களைப் பொருள் பார்த்துப் பிரித்துத் திருத்திவிடுகிறேன். தேடி மாற்றும் கட்டளையால் இதனைச் செய்யக்கூடாது என்பது மேலே காட்டிய வாக்கியத்திலிருந்து விளங்கும். 'உட்பெயர்' பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. கோப்பின் பெயர் வெளியே தெரிவது, இது உள்ளே பொறித்திருப்பது என்ற வேறுபாட்டை அது காட்டுகிறது. ஆனால் செயலியை நிரலகத்துடன் இணைக்கும் இணைப்பியும் இயங்கும்போது நினைவகத்தில் ஏற்றும் ஏற்றியுமே அதைக் கையாள்வதால் 'இணைப்புப் பெயர்' என்பதற்கும் நியாயம் உண்டு. குறியீட்டு இணைப்பு என்று கோப்பு முறைமையில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் அது குழப்பும் என்பதே என் தயக்கம். உருவாக்குநர் பொதிகளை (நிரலகத்தைப் பயன்படுத்திச் செயலி எழுதுவோருக்கான பொதிகளை) பேணுவோர் இதில் கருத்துச் சொன்னால் நல்லது.