மறு: தடமாற்ற மோதல் – கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். சாலையில் ஒரு தடத்திலிருந்து (லேன்) அடுத்த தடத்துக்கு மாறும்போது நேரும் மோதலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> லேன் மாறும்போது நடப்பதற்கு 'தடம் மாறல் விபத்து' போதுமே. இல்லையென்றால் 'பக்க உரசல்' என்று வைத்துவிடலாம்.

'தடம்' சரி. ஆனால் 'தடம் மாறல்' என்று பிரித்து எழுதினால் யாரோ கெட்டுப்போன கதை மாதிரி இருக்கிறது. 'தடமாற்றம்' என்று சேர்த்தால் அந்த வாடை போய்விடும். 'விபத்து' வேண்டாம் என்பது என் கட்சி. பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2001-லேயே அதற்கு நிகரான 'ஆக்சிடென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களில் விலக்கியது. தவிர்த்திருக்கக்கூடிய ஒன்றைத் தலைவிதி போலக் காட்டுகிறது என்பதுதான் காரணம். ஆகவே தலைச்சொல்: தடமாற்ற மோதல்.

'பக்க உரசல்' மீதுதான் எனக்குப் பெரிய மறுப்பு. அது வண்டியில் நெளிவு விழுந்த இடத்தைச் சொல்கிறதே தவிர, ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே நம் எஃப்.ஐ.ஆர்.கள் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற ஒரே வாய்ப்பாட்டில் எல்லாக் காரணங்களையும் அடக்கிவிடுகின்றன. கலைச்சொல்லும் அதையே செய்ய வேண்டுமா?

அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-களிலேயே இவ்வகை மோதல்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் வகையில் அடுத்த தடத்து வண்டி பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே வேகத்தில் வருகிறது. சீறிப் பாயும் வண்டி கண்ணாடியில் படாத பகுதியைச் சட்டென்று கடந்துவிடும். கூடவே வருவதுதான் அங்கேயே தங்கிவிடுகிறது. ஓட்டுநர் "பார்க்கவே இல்லைங்க" என்று சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை. நம் நான்குவழிச் சாலைகளில் லாரிகள் வலத் தடத்தை விடாமல் போக, கார்களும் பைக்குகளும் இடப்பக்கமாக முந்துகின்றன. லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். அவருக்கு அதிகம் மறைவது இடப்பக்கம்தான்.

இரண்டாம் வகை வேறு. வண்டி தெரிகிறது, தூரத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், பின்னால் 100-இல் ஒருவர் வருகிறார் என்றால் இடைவெளி நொடிக்கு 11 மீட்டர் சுருங்கும். இன்டிகேட்டர் போட்டு முழுதாக அடுத்த தடத்துக்குள் போக 4 நொடி எடுத்தால் 44 மீட்டர் காலி. பக்கக் கண்ணாடியாக இருக்கும் குவியாடி அந்த வண்டியை இன்னும் சிறிதாக, இன்னும் தொலைவாகக் காட்டும். இதில் அடி பின்பக்கம் விழலாம். பதிவேட்டில் 'பின்னால் வந்து மோதியது' என்று ஏறி, பழி பின்னால் வந்தவர் தலையில் விழும். 'பக்க உரசல்' என்ற பெயருக்குள் இது அடங்கவே அடங்காது.

தீர்வும் வேறு வேறு. முதலாவதற்குத் தலையைத் திருப்பிப் பார்ப்பது, அல்லது பின்பம்பரில் குறுந்தூர ரேடார். இரண்டாவதற்கு வெகுதூரம் பார்த்து வேகத்தைக் கணிக்கும் கருவி வேண்டும். ஐ.எஸ்.ஓ. 17387 தரநிலையும் எச்சரிக்கைக் கருவிகளை இப்படித்தான் பிரிக்கிறது: மறைவில் இருப்பதைச் சொல்வது, நெருங்குவதைச் சொல்வது, இரண்டையும் செய்வது. பக்க எச்சரிக்கைக் கருவி உள்ள வண்டிகளில் தடமாற்ற மோதல் 14% குறைவு என்று 2017-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கண்டது. மோசமில்லை, ஆனால் கருவி இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு திருப்பும் அளவுக்கு இல்லை.

எனவே என் முன்மொழிவு: முதல் வகை உடன்செல் மோதல், இரண்டாவது விரைந்தணுகு மோதல். பின்னது கொஞ்சம் நாக்கைச் சுற்றுகிறது, ஒப்புக்கொள்கிறேன். 'நெருங்கு மோதல்' என்று சுருக்கினால் வேகம் போய்விடுகிறது.

கண்ணாடியில் படாத பகுதிக்கு 'குருட்டுப்புள்ளி' வேண்டாம். அது கண்ணின் விழித்திரையில் பார்வையில்லாத இடத்துக்குப் பாடநூல் கொடுத்துவிட்ட பெயர். மேலும் இது புள்ளியும் அல்ல, ஒரு மோட்டார் சைக்கிளே ஒளிந்துகொள்ளும் பரப்பு. மறைபுலம் எனலாம்.

தூக்கக் கலக்கத்தில் கோட்டைத் தாண்டுவதை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே மாறும் எண்ணமே இல்லை, அதற்குத் தடவிலகல். சர்வீஸ் ரோட்டிலிருந்து பிரதான சாலையில் நுழைவதைத் தடமாற்றத்தில் சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்பதில்தான் எனக்குத் தயக்கம். நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் யாராவது இழையில் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.