மோன்சாவில் ஸவத்தாரி குடும்பத்தின் சுவர்கள்: போய்ப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மிலானுக்கு வரும் நண்பர்கள் எல்லோரும் டாவின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிடைக்காதவர்களை நான் மோன்சாவுக்கு அனுப்புவேன். கிடைத்தவர்களையும் அனுப்புவேன். ரயிலேறினால் சீக்கிரம் போய்விடலாம். கார் பந்தயத்துக்குப் பேர்போன அந்த ஊரின் கதீட்ரலில், பிரதான பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அன்று இத்தாலியின் பெரும்பகுதியை ஆண்ட லொம்பார்டு மக்களின் ஆறாம் நூற்றாண்டு அரசி தெயோதொலிந்தாவின் பெயரில் அமைந்தது. அதன் சுவர்களை 1440-களில் வரைந்தவர்கள் ஸவத்தாரி என்ற ஒரே குடும்பத்தார். தந்தை பிரான்செஸ்கீனோ, கூட மகன்கள். பிரான்செஸ்கீனோவின் தந்தை கிறிஸ்தோபரோவும் ஓவியர்தான், மிலான் கதீட்ரல் வேலைகளில் அவர் பெயர் வருகிறது.

சுமார் 500 சதுர மீட்டர் சுவர். ஐந்து வரிசை, 45 காட்சிகள், ஏறத்தாழ 800 உருவங்கள். மேல் வரிசையில் இடப்பக்கம் தொடங்கிச் சுவர் சுவராகக் கதை நகர்கிறது. முடிந்ததும் அடுத்த வரிசைக்கு இறங்குகிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது பெண் பார்க்கும் கதை. லொம்பார்டு அரசன் அவுத்தாரி, தன்னுடைய தூதனைப் போலவே வேடமிட்டு, தெயோதொலிந்தாவின் நாடான பவேரியாவுக்கு வருகிறான். தெயோதொலிந்தா அவனுக்கு மதுக் கிண்ணம் நீட்டுகிறாள். அவன் யாரும் பார்க்காதபடி அவள் கையை விரலால் தொட்டுவிடுகிறான். வெட்கத்தோடு அவள் செவிலித்தாயிடம் சொல்ல, அரசனாக இல்லாவிட்டால் இவ்வளவு துணிச்சல் வந்திருக்காது என்கிறாள் அந்த அம்மா. எட்டாம் நூற்றாண்டில் லொம்பார்டு வரலாறு எழுதிய பாவுலுஸ் என்ற துறவி சொன்ன கதை இது. அந்த வரலாற்றை வைத்துக்கொண்டு ஓவியர்கள் எல்லோருக்கும் தங்கள் காலத்து மிலான் அரசவை உடையை மாட்டிவிட்டார்கள். தரையைத் தொடும் சட்டைக்கைகள், உயர்ந்த தலையணிகள், வேட்டை நாய்கள், எக்காளம் ஊதுபவர்கள்.

காட்சிகளில் பாதிக்கு மேல் திருமணம் சம்பந்தப்பட்டவை. அதற்குக் காரணம் உண்டு. அப்போது மிலானை ஆண்ட பிலிப்போ மரியா விஸ்கோந்திக்கு ஆண் வாரிசு இல்லை. அவர் மகள் பியாங்கா மரியாவைப் படைத்தலைவர் பிரான்செஸ்கோ ஸ்போர்ஸா 1441-ல் மணந்தார். தெயோதொலிந்தாவோ, அவுத்தாரி இறந்த பின் தன் விருப்பப்படி அகிலுல்ஃபை மணந்து அவனை அரசனாக்கியவள். ஒரு பெண்ணின் கைவழியே ஆட்சி மாறலாம் என்ற சேதி அந்த நாளில் சுவரைப் பார்த்தவர்களுக்கு எளிதாகவே புரிந்திருக்கும். 1450-ல் ஸ்போர்ஸா மிலானின் பிரபு ஆகியும் விட்டார்.

ஓவியங்களுக்கு நடுவே ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது. 1444 என்ற ஆண்டும் அதோடு உண்டு. கடந்து போகிறவனே, நிமிர்ந்து பார், இந்த முகங்கள் மூச்சு விடுவது போல இருக்கின்றன பார் என்கிற தோரணையில் தொடங்கி, இதை அலங்கரித்தவர்கள் ஸவத்தாரிகள் என்று சொல்கிறது. அப்புறம் ஒன்று: மேலே விதானத்தில் இருப்பவை மட்டும் நீங்கலாக, என்கிறது. அது வேறு கைகளின் வேலை. தங்களுடையது அல்லாததைத் தங்களுடையது அல்ல என்று சுவரிலேயே எழுதி வைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் தந்தை எது வரைந்தார், மகன்கள் எது வரைந்தார்கள் என்று அங்கே ஒரு சொல் கூட இல்லை. குடும்பப் பெயர் மட்டும்தான்.

* * *

மேலே எழுதியவர் சொன்னதைத் தொடர்கிறேன். நான் பழைய கட்டிடச் சீரமைப்பு படிப்பவள். பல ஆண்டு சீரமைப்பு முடிந்து 2015-ல் அந்தச் சிற்றாலயம் முழுமையாகத் திறந்தபின் எங்கள் வகுப்போடு போனேன்.

ஃபிரெஸ்கோ என்றால் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வண்ணம் வைப்பது. பூச்சு காயும்போது வண்ணமும் சுவரோடு இறுகிவிடும். மோன்சாவில் அதோடு நிற்கவில்லை. காய்ந்த சுவரில் டெம்பரா எனும் பசையில் குழைத்த வண்ணம், சுதையால் புடைப்பாக எழுப்பி மேலே தங்கத்தகடு, வெள்ளித்தகடு எல்லாம் இருக்கின்றன. கிரீடங்களும் குதிரைச் சேணங்களும் சுவரை விட்டு மேலெழும்பி நிற்கின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் அது தெரியும். இந்தச் செழிப்புக்குப் பின்னால் ஆபத்தும் இருக்கிறது. காய்ந்த பூச்சில் வைத்த வண்ணம் உதிரும், வெள்ளி கறுக்கும். சீரமைப்பாளர்களுக்கு ஒரே சுவரில் பல விதமான நோய்கள்.

இவ்வளவு வேலையை ஒருவர் செய்ய முடியாது. ஒருவர் பூச்சைப் பார்க்க, ஒருவர் புடைப்பு எழுப்ப, ஒருவர் தகடு ஒட்ட, முகங்களைத் தேர்ந்த கை வரைய வேண்டும். மிச்ச வேலைக்காக 1445 மார்ச்சில் எழுதிய ஒப்பந்தத்தில் பிரான்செஸ்கீனோவோடு மகன்கள் கிரெகோரியோ, ஜொவான்னி பெயர்கள் இருக்கின்றன. குடும்பமே பட்டறை. அறிஞர்கள் வேறுபட்ட கைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள், நானும் அந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் போனேன். சாரத்தின் உயரத்தில் நின்று வேலை செய்தவர்களை மனதில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வேறுபாட்டை விட ஒற்றுமைதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரே வீட்டில் பல பேர் இழை வைத்து நெய்த பட்டு மாதிரி, எந்த இழை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த வெளிறிய, சிறிய வாய் கொண்ட முகத்தை எல்லோருமே கைப்பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அது லேசான காரியம் அல்ல.

* * *

மேலே எழுதிய இருவரோடும் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு. எல்லோரும் விருந்தையும் திருமணத்தையும்தான் பேசுகிறார்கள். நான் போனபோது அதிக நேரம் நின்றது கடைசி வரிசையில். புனித யோவான் பெயரில் கட்டிய தேவாலயத்துக்கு அரசி பொன்னும் வெள்ளியும் கொடுக்கிறாள், அகிலுல்ஃப் இறக்கிறான், அவளும் இறக்கிறாள். அதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கிழக்கு ரோமான, அதாவது பைசாந்தியப் பேரரசன் கொன்ஸ்தான்ஸ் படையோடு இத்தாலிக்கு வருகிறான். ஒரு துறவி, புனித யோவான் காக்கும் இந்த மக்களை உன்னால் வெல்ல முடியாது என்கிறார். அவன் திரும்பிப் போகிறான். அரசி போன பிறகும் அவள் கட்டிய கோயில் நாட்டைக் காக்கிறது என்பதுதான் கதையின் முடிவு. மோன்சாக்காரர்களுக்கு இதுதான் முக்கியமாக இருந்திருக்க வேண்டும், மிலான் பிரபுக்களுக்குத் திருமணம் முக்கியமாக இருந்தாலும்.

போகிறவர்களுக்கு: முன்பதிவு செய்துகொள்ளுங்கள், சிறு குழுவாக வழிகாட்டியோடுதான் உள்ளே விடுகிறார்கள். நேரம் குறைவு. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், மேல் இரண்டு வரிசை வெறுங்கண்ணுக்கு எட்டாது. பீடத்தில் இருக்கும் இரும்புக் கிரீடத்தைப் பற்றி, 1805-ல் நெப்போலியன் சூடியது என்று வழிகாட்டி விளக்கும்போது குழு முழுவதும் அங்கே திரும்பும். அந்த நேரத்தில் சுவர்ப்பக்கம் நகர்ந்து கீழ் வரிசையைக் கிட்டத்தில் பாருங்கள்.