குடை, சைக்கிள், திறப்புக் கோர்வை: திருகோணமலையில் எங்களுக்குக் கைகொடுத்ததும் கொடுக்காததும்

உவர்மலை அக்கா:
டியூஷன் முடிந்து பிள்ளைகள் இருட்டில் திரும்புகிறார்கள். வழியில் தொல்லை வந்தால் கையில் இருக்கிற சாமானை வைத்து எப்படித் தப்புவது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவரவருக்கு நடந்ததை எழுதுங்கோ, நான் தொடங்குகிறேன். நிலாவெளிப் பஸ்ஸில் எனக்குப் பின்னால் நின்றவர் சரிந்து சரிந்து வந்தார். சனம் நெருக்கம்தானே என்று முதலில் விட்டுவிட்டேன். மறுபடியும் வரவே, மடக்குக் குடையை முதுகுக்குப் பின்னால் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். ஆள் எவ்வளவு சாய்ந்தாலும் குடைக்கம்புதான் அவருடைய வயிற்றில் முட்டும். அதோடு, "அண்ணா, தள்ளி நில்லுங்கோ!" என்று கொண்டக்டருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அடுத்த தரிப்பில் ஆள் இறங்கிவிட்டார். நீளக் குடை என்றால் அந்த நெருக்கத்தில் அசைக்கவே முடிந்திருக்காது.

பாலையூற்றுத் தம்பி:
எனக்கு வந்தது ஆள் இல்லை அக்கா, நாய். இரவு வேலை முடிந்து வரும்போது ஒழுங்கை முனையில் ஒரு கூட்டமே துரத்தும். வேகமாக மிதித்தால் அதுகளுக்கு இன்னும் உற்சாகம். அதனால் இறங்கி, சைக்கிளை எனக்கும் நாய்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தேன். குரைத்துக்கொண்டே கொஞ்சத் தூரம் வந்துவிட்டு நின்றன. கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையும் அப்ப வேண்டாம். சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

கடற்கரை வீட்டுக்காரி:
மிளகாய்த்தூள் கொண்டு போகச் சொல்லுகிற ஆட்களுக்கு ஒரு செய்தி. என் மச்சாள் சின்னப் போத்தலில் வைத்திருந்தாள். கச்சான் காற்று அடிக்கிற காலம். வாசலில் நின்று, எப்படி வீசுவது என்று எனக்குக் காட்டப் போனாள். தூள் முழுக்க அவளுடைய முகத்துக்கே திரும்பியது. பின்னேரம் வரை கண்ணைத் திறக்கவில்லை, பாவம். இந்த ஊர்க் காற்றை நம்பி அந்த வேலை வேண்டாம்.

திறப்பை விரலிடுக்கில் வைத்துக் குத்துவதும் எனக்குச் சரிப்படவில்லை. சும்மா சுவரில் அழுத்திப் பாருங்கோ, திறப்பு புரண்டு நம் விரலைத்தான் வெட்டும். அதே கோர்வையில் ஒரு விசில் கொழுவியிருக்கிறேன். ஒருநாள் உட்துறைமுக வீதியில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் கூடவே உருட்டிக்கொண்டு வந்தான். விசிலை ஊதினேன், தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். அவன் போன திசையே தெரியவில்லை.

உவர்மலை அக்கா:
விசில் நல்ல யோசனை. திருப்பி அடித்தால் சட்டம் என்ன சொல்லும் என்று யோசிக்கிறவர்களுக்கு: இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 ஆம் பிரிவு தற்காப்புக்கு இடம் தருகிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சி அடிக்க 92 ஆம் பிரிவு விடாது. ஆள் விட்டுவிட்டு ஓடுகிறான் என்றால் துரத்திப் போய்க் குடையால் சாத்தினால் வழக்கு நம் மேல் திரும்பலாம். பஸ் சேட்டை 345 ஆம் பிரிவுக்குள் வரும், 5 வருடம் வரை மறியல். போனில் பொலிசைக் கூப்பிட 119, பெண்கள் உதவிக்கு 1938.

பாலையூற்றுத் தம்பி:
டோர்ச்சும் வைத்திருங்கோ அக்கா. போன் டோர்ச்சைத் தேடித் தட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், போனும் பறிபோகும். கடையில் விற்கிற சின்ன டோர்ச், பெருவிரலால் அமத்துகிற சுவிச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கோ. பைக்குள் போடாமல் ஒழுங்கை தொடங்கும்போதே கையில் எடுத்துவிடுங்கோ.