புதுப்பிப்பு: பணிநீக்கக் கடிதத்திற்குப் பிறகு

கோலாலம்பூரில் ஆறு ஆண்டுகள் கணக்காளராக இருந்த இடத்திலிருந்து என்னை நீக்கியதைச் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். என் துணைவரோடு நான் நிற்கும் படம் மேலாளர் கண்ணில் பட்ட மறுவாரமே கடிதம் வந்தது: ‘நிறுவனப் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை.’

நீங்கள் சொன்னபடி வழக்கறிஞரைப் பார்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறை. அரசியலமைப்பின் 8(2) பிரிவை விரித்து, விரல் வைத்துக் காட்டினார். குடிமக்களிடம் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்கள் அதில் இருக்கின்றன: சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம். பாலினமே 2001இல்தான் சேர்ந்தது. பாலீர்ப்பு இல்லை. விரல் அந்த வரியின் முடிவில் நின்றுவிட்டது. எனக்குத் தொண்டை அடைத்தது.

2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவில் பாகுபாட்டுப் புகார் கொடுக்கலாம். ஆனால் பாகுபாடு என்றால் என்னவென்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. மறுபக்கம், தன்பாலின உடலுறவின் மீதும் பாயும் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி: 20 ஆண்டு வரை சிறை. தன்பாலீர்ப்பாளன் என்பதற்காக நீக்கினார்கள் என்று படிவத்தில் எழுத எவருக்குக் கை வரும்?

‘நியாயமான காரணமின்றி நீக்கம்’ என்று மட்டும் எழுதி, 60 நாள் கெடுவுக்குள் தொழில் உறவுத் துறையில் மனுக் கொடுத்துவிட்டேன். பேனாவை எடுத்துக் கொடுத்தது அம்மா. “கையெழுத்தைப் போடப்பா” என்றார். சமரசப் பேச்சுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போகிறேன்.