வீட்டு வேலை, ஆபீஸ் வேலை நடுவுல எப்போ தான்பா வரையறீங்க எல்லாரும்?

கோலநோட்டு (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல இருக்கேன், சென்னை பாரிஸ் கார்னர்ல ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், ரெண்டு பசங்க, பெரியவ ஏழாவது, சின்னவன் மூணாவது. ஸ்கூல்ல படிக்கும்போது டிராயிங் டெக்னிக்கல் எக்ஸாம் லோயர், ஹையர் ரெண்டும் எழுதி பாஸ் பண்ணவ நான். அப்புறம் காலேஜ், கல்யாணம், வேலைன்னு பென்சில தொட்டே பதிமூணு வருஷம் ஆச்சு.

போன மாசம் பொண்ணுக்கு சயின்ஸ் நோட்டுல செம்பருத்தி பூ வரையணும், எப்படின்னு காட்டறேன்னு ஒரு வெள்ளைப் பேப்பர எடுத்து உக்காந்தேன். இதழ், சூலகம், அந்த மகரந்தத்தாள் குழாய் மேல இருக்கற சின்னச் சின்ன உருண்டை வரைக்கும் ஒண்ணு ஒண்ணா வரைஞ்சிட்டு நிமிந்து பாத்தா முக்கா மணி நேரம் ஓடியிருக்கு, அடுப்புல குக்கர் எத்தனை விசில் விட்டுச்சுன்னே காதுல விழல. அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரல, இவ்ளோ வருஷமா இத எங்க வச்சிருந்தேன்னு நெனச்சு நெனச்சு அழுகையா வந்துச்சு.

மறுநாளே ஸ்கெட்ச் புக்கு, 2பி, 4பி, 6பி பென்சில், வாட்டர் கலர் கேக் எல்லாம் வாங்கிட்டேன். வாங்கி பீரோல வச்சது தான், ஒரு பக்கம் கூட வரையல. ஒரு ஹால், ஒரு ரூம் இருக்கற வீடு, காலைல அஞ்சு மணிக்கு தண்ணி புடிக்கறதுல ஆரம்பிச்சா ராத்திரி பத்தரைக்கு பாத்திரம் கழுவி கவுத்தறதுல தான் முடியுது, ஞாயித்துக்கிழமை வரையலாம்னு எடுத்து வச்சா அன்னிக்கு தான் துவைக்கற துணி, மீன் வாங்கறது ஆயறது, சொந்தக்காரங்க வர்றது எல்லாமே. படம் மட்டும் இல்ல, ஒயர் கூடை, எம்ப்ராய்டரி, எதுவா இருந்தாலும் சரி, வீட்ட பாத்துகிட்டே கைவேலையும் பண்றவங்க எப்படி பண்றீங்கன்னு உங்க நாள எனக்கு விவரமா சொல்லுங்க. "நேரம் ஒதுக்குங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், அந்த நேரம் எங்க இருக்குன்னு தான் தேடிட்டு இருக்கேன்.

மெட்ரோ_பேனா

அக்கா, நான் திருவொற்றியூர் தேரடில ஏறி ஹைகோர்ட்ல இறங்கறவன், எனக்கும் பாரிஸ்ல தான் வேலை. நான் வரையறது மொத்தமும் அந்த ட்ரெயின்ல தான், வீட்டுல ஒரு கோடு கூட போட்டதில்ல. 2021 பிப்ரவரில மெட்ரோவ விம்கோ நகர் வரைக்கும் நீட்டினதுக்கு அப்புறம் தான் இந்தப் பழக்கமே வந்துச்சு, அதுக்கு முன்னாடி பஸ்ல ஒரு கைல கம்பி ஒரு கைல டிபன் பை, எங்க வரையறது.

தேரடிலேர்ந்து புது வண்ணாரப்பேட்டை வரைக்கும் வண்டி மேல தான் போகும், நல்ல வெளிச்சம். ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவங்கள உத்துப் பாத்துட்டே வரைஞ்சா அவங்களுக்கு சங்கடமா இருக்கும், லேடீஸ்னா தப்பாவே ஆயிடும். தண்டையார்பேட்டைக்கு முன்னாடி சுரங்கத்துல இறங்கிடுது இல்ல, அப்போ ஜன்னல் கண்ணாடி கருத்துப் போயி உள்ள இருக்கறவங்க எல்லாரும் அதுல தெரிவாங்க. நான் அந்தக் கண்ணாடில விழற உருவத்த தான் வரைவேன். மூக்கு, கண்ணு எல்லாம் தெளிவா தெரியாது, தலை, தோளு, பைய புடிச்சிருக்கற கை, இந்த மூணு தான் கிடைக்கும். அதுவே போதும்க்கா, ஆளு தூங்கறாரா, போன் பாக்கறாரா, வீட்டுக் கவலைல இருக்காரான்னு தோளு சாயறதுலயே தெரிஞ்சிடும், யாரு என்னன்னும் வெளில தெரியாது. மண்ணடி தாண்டினா மூடி பாக்கெட்ல வச்சிடுவேன், பாதி வரைஞ்சிருந்தாலும் பாதியாவே இருக்கட்டும்னு விட்டுடுவேன்.

பென்சில் இப்போதைக்கு வேணாம்னு தான் சொல்லுவேன். பென்சில் இருந்தா அழிக்கத் தோணும், அழிக்கறதுலயே ரெண்டு ஸ்டேஷன் போயிடும். சாதா பால் பாயிண்ட் பேனா எடுத்துக்கோங்க, அழுத்தாம ஓட்டினா பென்சில் மாதிரி மெல்லிசா விழும், கோடு சரியா வந்ததும் அழுத்தி அதுமேலயே போடலாம்.

நோட்டும் நானே தான் தைக்கறேன், அதுவே ஒரு கைவேலை, கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். ஆண்டர்சன் தெருல பேப்பர் வாங்கி எட்டு ஷீட்ட ஒண்ணா சேத்து ரெண்டா மடிச்சா 32 பக்கம். அட்டைக்கு பழைய கல்யாணப் பத்திரிகைய வெட்டி வச்சுப்பேன். மடிப்புல நடுவுல ஒரு ஓட்டை, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஊசிய உள்பக்கத்துலேர்ந்து நடு ஓட்டை வழியா வெளிய எடுத்து, மேல் ஓட்டைல உள்ள விட்டு, உள்பக்கமாவே நேரா கீழ் ஓட்டைக்கு வந்து வெளிய எடுத்து, மறுபடி நடு ஓட்டைல உள்ள விடணும். இப்போ நூலோட ரெண்டு முனையும் உள்ள நடுவுல தான் இருக்கும், நீளமா ஓடற நூலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணா வச்சு முடிச்சு போட்டுட்டா பிரியவே பிரியாது. கடைல வாங்கின ஸ்கெட்ச் புக்குல முதல் பக்கத்த கெடுத்துடுவோமோன்னு ஒரு பயம் இருக்கும் பாருங்க, நாமளே தைச்சதுல அது வராது.

இன்னொண்ணு, தினமும் வரைவேன்னு மட்டும் சபதம் எடுக்காதீங்க. இங்க்டோபர்னு ஒண்ணு இருக்கு, ஜேக் பார்க்கர்னு அமெரிக்க ஓவியர் ஒருத்தர் 2009ல ஆரம்பிச்சது, அக்டோபர் 31 நாளும் நாளுக்கு ஒரு இங்க் படம். ரெண்டு வருஷம் முயற்சி பண்ணேன், ரெண்டு தடவையும் ஒரு நாள் விட்டுப் போச்சு, அந்த ஏக்கத்துலயே மிச்ச நாளும் போச்சு. அப்புறம் தான் படிச்சேன், ஒருநாள் விட்டு ஒருநாள் வரையலாம், வாரத்துக்கு ஒண்ணு கூட போதும்னு அவரே எழுதியிருக்காரு. இப்போ எனக்கு வாரத்துக்கு மூணு தான் கணக்கு, எந்த மூணு நாள்னு கூட கிடையாது.

விடியல்_வாக்கர்

காலைல 4 மணிக்கு எழுந்துடுங்க சிஸ்டர். வீடு அமைதியா இருக்கும், ஒரு மணி நேரம் முழுசா உங்களுக்கே. நான் மூணு வருஷமா அப்படித்தான் கிட்டார் பழகறேன்.

கோலநோட்டு

நன்றிங்க, ஆனா பத்தரை பதினோரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தா ஆபீஸ்ல கணக்கு தப்பாயிடும். அதுவும் ஒரே ரூம்ல நாலு பேர் படுக்கற வீட்டுல நாலு மணிக்கு லைட் போட முடியாதுங்க.

@மெட்ரோ_பேனா தம்பி, அந்தக் கண்ணாடி விஷயம் அவ்ளோ பிடிச்சிருக்கு. அதே வண்டில தானே போறேன், ஒரு நாளும் அந்த ஜன்னல பாக்கலையே.

ஒயர்கூடை_பெரம்பூர்

கண்ணு, எனக்கு அம்பத்தெட்டு வயசாகுது, மூணு பிள்ளைங்கள வளத்தேன், இதுவரைக்கும் எத்தனை கூடை போட்டிருப்பேன்னு கணக்கு இல்ல. நீ கேட்டியே நேரம் எங்க இருக்குன்னு, அது முழுசா எங்கயும் இருக்காதும்மா, துண்டு துண்டா தான் கிடக்கும். அரிசி ஊறற நேரம், சீரியல்ல விளம்பரம் போடற நேரம், பிள்ளை டியூஷன் விட்டு வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கிற நேரம். ஒயர் கூடைல ஒரு சௌகரியம் என்னன்னா ஒரு முடிச்சு போட அரை நிமிஷம் கூட ஆகாது, போட்ட முடிச்சு போட்டது தான், அப்படியே வச்சுட்டு எழுந்து போலாம், ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் அதே இடத்துல காத்துகிட்டு இருக்கும். சிவன் கண் கூடை, நெல்லிக்காய் முடிச்சு கூடை எல்லாம் கொஞ்சம் மனசு வச்சு போடணும், பேசிகிட்டே போட்டா கணக்கு விட்டுப்போகும். அதனால அத மத்தியானத்துக்கு வச்சுப்பேன், சாதா முடிச்சு கூடைய தான் இந்த மாதிரி நேரத்துக்கு வச்சுப்பேன். நீயும் அப்படி ரெண்டு தினுசா வச்சுக்கோ, மனசு வேண்டியது ஒண்ணு, மனசு வேண்டாதது ஒண்ணு.

பீரோல வச்சா எப்படிம்மா வரைவ? பீரோவத் தொறந்து, எடுத்து, இடம் பண்ணி, வரைஞ்சு, மறுபடி மடிச்சு உள்ள வைக்கணும்னு நெனைக்கும்போதே பாதி நேரம் போச்சு. என் ஒயரு, கத்திரிக்கோலு எல்லாம் பழைய பிஸ்கட் டப்பால அடுப்பு மேடைக்குக் கீழயே இருக்கும், கைய நீட்டினா கிடைக்கும். என் வீட்டுக்காரரு ஆரம்பத்துல முணுமுணுப்பாரு, வீடெல்லாம் ஒயரா கிடக்குன்னு. இப்போ அவரு மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போற கூடையே நான் போட்டது தான், கேக்கறவங்க கிட்ட எல்லாம் என் பேர சொல்லுவாரு.

உன் பேருலயே கோலநோட்டுன்னு வச்சிருக்க, அதனால கேக்கறேன், அந்த நோட்டு எங்க? புள்ளி வச்சு சிக்கு கோலம் போட்டுப் பாத்த கைக்கு வரையறது மறந்துபோகாதும்மா. ஒரே இழை, எடுத்த இடத்துலேர்ந்து புள்ளிய சுத்தி சுத்தி வந்து கை எடுக்காம அங்கயே கொண்டு வந்து சேக்கறோம் இல்ல, அத விட பெரிய பயிற்சி என்ன வேணும். வாசல்ல தண்ணி தெளிச்சு கோலம் போடற அந்த அஞ்சு நிமிஷம் தினமும் உனக்கு இருக்கு தானே, அதுலேர்ந்தே ஆரம்பி. இன்னிக்குப் போட்ட கோலத்த ராத்திரி ஞாபகத்துலேர்ந்து நோட்டுல போட்டுப் பாரு.

காசிமேட்டுப்_பையன்

மேல அம்மா சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். எங்க நைனா போர்டு ஆர்ட்டிஸ்ட், கடை போர்டு, சுவரு விளம்பரம், எலெக்ஷன் வந்தா சின்னம் வரையறதுன்னு ராயபுரம் பூரா அவரு கைதான். ஃபிளெக்ஸ் வந்தப்புறம் வேலை கொறைஞ்சு போயி செக்யூரிட்டி வேலைக்குப் போனாரு, பன்னெண்டு மணி நேர டூட்டி, ஆனா பிரஷ்ஷ வுடல. டூட்டி முடிஞ்சு வந்து டீ குடிச்சிகினே ஒரு கட்டம் வரைவாரு, அவ்ளோதான். கட்டம்னா இன்னான்னா, சின்ன படத்து மேல ஒரு இஞ்சுக்கு ஒரு கோடு போட்டுக்குவாங்க, சுவத்துல ஒரு அடிக்கு ஒரு கோடு, நூலுல சாக்பீஸ் தூள தடவி ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சு சுண்டுனா நேரா கோடு வுழும், அப்பால இந்தக் கட்டத்துல இன்னா இருக்கோ அத மட்டும் அந்தக் கட்டத்துல வரையணும். எங்க வூட்டு உள் சுவத்துல ஒரு மயில் இருக்குது, நைனா அத நாப்பது நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஒரு கட்டமா போட்டாரு, தோகை பூராவும். அவரு போயி ஆறு வருஷம் ஆவுது, வூட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கிறப்ப அந்த சுவத்த மட்டும் வுட்டுடுவோம். நீங்க பெருசா ஒண்ணு வரையணும்னு ஆசப்பட்டா இந்த மாதிரி போடுங்கக்கா, முழுப் படத்துக்கு டைம் தேடாதீங்க, ஒரு கட்டத்துக்குத் தேடுங்க.

அப்பால, ஞாயித்துக்கிழமை எப்பனா பசங்களோட வெளிய வர முடிஞ்சா மீன்பிடி தடைக்காலத்துல இங்க காசிமேட்டுக்கு வாங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போவாது, எல்லா போட்டும் கரையில நிக்கும், பலகை மாத்தறது, பெயிண்ட் அடிக்கிறது, வலை பின்றதுன்னு வேலை நடந்துகினே இருக்கும். மத்த நாள்ல வந்தா நீங்க பாதி வரையறதுக்குள்ள போட்டு போயிகினே இருக்கும், இப்ப அது எங்கயும் போவாது. வலை பின்ற ஆளும் ஒரே எடத்துல மணிக்கணக்கா உக்காந்திருப்பாரு, கேட்டுட்டு வரைஞ்சா சந்தோசமா ஒத்துக்குவாங்க. வெயிலு ஏர்றதுக்கு முன்னாடி வந்துடுங்க. பக்கத்துலயே ராயபுரம் ஸ்டேஷன் இருக்குது, 1856ல தொறந்தது, தென்னிந்தியாவுலயே முத ஸ்டேஷன், அந்த முகப்புத் தூணுங்கள வரையறதுக்கே ஒரு நாள் வேணும். டெக்னிக்கல் எக்ஸாம் எழுதுன கைக்கு அது ஷோக்கா வரும்.

கோலநோட்டு

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதறேன், எல்லாருக்கும் சேத்து.

பீரோலேர்ந்து எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டேன். ஸ்கெட்ச் புக்க இன்னும் தொடல, தம்பி சொன்ன மாதிரி ஒரு நோட்டு தைச்சேன், அட்டைக்கு எங்க கல்யாணப் பத்திரிகையே கிடைச்சுது. அது இப்போ ஃபிரிட்ஜ் மேல பேனாவோட இருக்கு. இதுவரைக்கும் ஒம்பது படம். இட்லி குண்டான், வீட்டுக்காரரு கழட்டிப் போட்ட செருப்பு, தண்ணிக்கு வரிசைல வச்ச குடம், டியூஷன் வாசல்ல நின்ன நேரத்துல எதிர் வீட்டு மாடிப்படி. மெட்ரோல ஒண்ணு தான் வரைஞ்சேன், ஒரு அம்மா பூக்கூடைய மடில வச்சுட்டு தூங்கிட்டு வந்தாங்க, கண்ணாடில கூடை தான் பெருசா தெரிஞ்சுது, கூடைய மட்டும் வரைஞ்சேன்.

செருப்பு படத்தப் பாத்துட்டு அவரு ஒண்ணும் சொல்லல, ஆனா நேத்து நான் குடத்த வரைஞ்சிட்டு இருந்தப்போ சாதத்த அவரே வடிச்சுட்டாரு. சின்னவன் இப்போ தனக்கும் ஒரு நோட்டு தைச்சுத் தரணும்னு கேக்கறான், பெரியவ ஊசில நூல் கோத்து வச்சிருக்கா.

பெரம்பூர் அம்மாவுக்கு, கோலநோட்டு கிடைச்சிடுச்சும்மா. எங்க அம்மா வச்சிருந்தது, பக்கமெல்லாம் பழுத்துப் போச்சு, பின் அட்டைல பால் கணக்கு கூட இருக்கு. ஊடு புள்ளி பதினஞ்சு எட்டு ஒண்ண எடுத்து தினம் கொஞ்சம் போடறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். நடுவுல ஸ்கெட்ச் பென் வச்சு கலர் அடிச்சேன், பின்பக்கம் ஊறி அந்தப் பக்கத்துப் படம் வீணாயிடுச்சு. வாட்டர் கலர் தொட்டா பேப்பர் அலை அலையா எழும்புது. என்ன பேப்பர் வாங்கணும்?

மெட்ரோ_பேனா

அக்கா, நீங்க தைச்சது ஜெராக்ஸ் பேப்பரா இருக்கும், அது 75 ஜிஎஸ்எம் தான் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்னு கணக்கு, நம்பர் கூடினா பேப்பர் தடி), பால் பேனாவுக்கு மட்டும் தாங்கும். ஸ்கெட்ச் பென்னுக்கு 150 கிட்ட கார்ட்ரிட்ஜ் பேப்பர்னு படம் வரையற தடிப் பேப்பர் கேளுங்க, வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம். 300 தடிமனா இருக்கும், எட்டு ஷீட்ட ஒண்ணா மடிக்க முடியாது, ரெண்டு ரெண்டு ஷீட்டா மடிச்சு தைங்க. நிறைய ஜெல் பேனா கோடு தண்ணி பட்டா கலங்கிடும், பால் பேனா கோடு நிக்கும், அதனால முதல்ல பால் பேனால வரைஞ்சிட்டு மேல கலர் போடுங்க. அப்புறம் நம்ம பக்கம் கடல் காத்து, ஐப்பசி மழைல பேப்பர் நமுத்துடும், வாங்கினத ஜிப் கவர்ல போட்டு வச்சிடுங்க. அந்தப் பூக்கூடை படத்த இங்க போடுங்கக்கா, பாக்கணும்.