நம்ம வீடு (மாரிகுப்பம்) குழு: அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைக்கலாமா?

பெரியண்ணன்: டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் நுரையீரல் இனித் தேறாது. மூச்சு மோசமானால் வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்று நாளைக்குள் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. தமிழர்களைப் பௌத்தத்துக்கு அழைத்த அயோத்திதாசர் காலத்திலிருந்து பஞ்சசீலம் (பௌத்தரின் ஐந்து ஒழுக்கங்கள்) சொல்லும் குடும்பம். முதல் சீலமே உயிரைக் கொல்லாதே என்பதுதானே?

சின்னக்கா: அண்ணா, கொல்லும் எண்ணமும் அதற்கான முயற்சியும் இருந்தால்தான் அது கொலை. நமக்கு அந்த எண்ணமே இல்லையே. நோய்தான் அப்பாவைக் கொண்டுபோகிறது.

நான்: எண்ணம் நல்லது என்றால் மட்டும் போதாது அக்கா. புத்தர் காலத்தில் நோயில் கிடந்த ஒரு பிக்குவிடம் இரக்கப்பட்டுத்தான் மற்ற பிக்குகள் சாவைப் புகழ்ந்து பேசினார்கள். அவர் இறந்ததும் அது மூன்றாவது பாராஜிகம் ஆயிற்று, அதாவது பிக்குவுக்குச் சங்கத்தில் இடமில்லாமல் செய்யும் குற்றம். ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்ற பேச்சே வரக் கூடாது.

சின்னக்கா: ஊசியை யார் கேட்டது? அதே விதிக்குப் பழைய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய உரையையும் பார். மருந்தும் கவனிக்க ஆளும் இருக்கும்போது, சாக வேண்டும் என்றே சாப்பாட்டை விடுவது குற்றம். ஆனால் நோய் நீண்டு, இனிப் பிழைக்க வழியில்லை என்று தெரிந்து, பணிவிடை செய்பவர்களும் களைத்துவிட்டதைப் பார்த்து, நோயாளி சாப்பாட்டை விட்டால் குற்றமில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே இவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல்.

அக்கா மகள்: வென்டிலேட்டர் இல்லையென்றால் தாத்தா திணறுவாரே என்று பயப்பட வேண்டாம் மாமா. மார்பின் கொஞ்சமாகக் கொடுத்துத் திணறலை அடக்குவோம். தூக்கம் வரலாம், அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். என் வார்டில் தினமும் செய்வதுதான்.

நான்: தாய்லாந்தில் புத்ததாச பிக்கு இயற்கையாகவே சாக விரும்பினார். 1993இல் பக்கவாதம் வந்து பேச்சு போனதும் பாங்காக் சிரிராஜ் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். கடைசியில் தன் ஆசிரமத்துக்குத் திரும்பித்தான், ஜூலை 8 அன்று இறந்தார். அவ்வளவு பெரியவர் சொன்னதையே கேட்க முடியவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அம்மா: எல்லோரும் பேசுகிறீர்கள். அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா? மாஸ்க் போட்டிருந்தாலும் நினைவு தெளிவாகத்தான் இருக்கிறது. நேற்றுகூட வீட்டு வரி கட்டியாயிற்றா என்று கேட்டார்.

சின்னக்கா: அம்மா 🙏 அப்பாவிடம் பேசும்போது புத்தர் காலத்து நகுலமாதாவை நினைத்துக்கொள்ளுங்கள். நோயில் கிடந்த கணவரிடம் அவள் சொன்னாள், நூல் நூற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றுவேன், மனக்கவலையோடு சாகாதீர்கள் என்று.

அம்மா: அவருக்கு என்னைப் பற்றித்தான் கவலை. பென்ஷன் வரும், பெரியவன் வீட்டில் இருப்பேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கேட்கலாம்.

அக்கா மகள்: நினைவோடு இருப்பவர் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னால் செல்லும், 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டாக்டரும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெரியண்ணன்: சரி. வென்டிலேட்டர் வேண்டும் என்று அப்பா சொன்னால் அதையே செய்வோம். யாரும் முகம் சுளிக்கக் கூடாது. காலையில் நானே கேட்கிறேன்.

அம்மா: நீ கேட்டால் அழுதுவிடுவாய். நான் கேட்கிறேன்.

பெரியண்ணன்: சரிம்மா. ஐசியூவில் இரண்டு பேரைத்தான் விடுவார்கள். ஏழு மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன்.